உரிமையாளர் இல்லாத பேய்கள்

அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் இரவுக்காக இணையத்தில் பேய்ப்படம் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுபவை பெரும்பாலும் பழைய படங்களாகவே இருக்கும். நூறாண்டைக் கடந்த ஜெர்மன் மௌனப் படமான 'நோஸ்ஃபெராட்டு', 1959இல் வந்த 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்', 1968இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' ஆகிய மூன்றும் யூடியூபில் பல பிரதிகளாக இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையப் பாதுகாப்பகத் தளத்திலிருந்து முழுமையாகத் தரவிறக்கியும் கொள்ளலாம். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கத் தேவையில்லை. ஆனால் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் 1931இலேயே எடுத்த 'டிராகுலா' 2026 முடியும் வரை அந்த நிறுவனத்தின் சொத்து. அதை முறையாகப் பார்க்க வேண்டுமானால் காசு கொடுத்தாக வேண்டும். முந்தி வந்த படத்துக்குக் கட்டணம், 37 ஆண்டுகள் பிந்தி வந்த படம் இலவசம் என்றால், படத்தின் வயதை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்த சில ஓட்டைகளும், அந்த ஓட்டைகள் வழியாக நழுவிய சில படங்களின் விதியும்தான் இன்றைய ஹாலோவீன் இணையத்தை உருவாக்கியிருக்கின்றன. பேய் எப்படி நடக்கும், எதற்கு அஞ்சும், எப்படிச் சாகும் என்று உலகம் இன்று நம்பிக்கொண்டிருப்பதில் கணிசமான பகுதி அந்த ஓட்டைகள் வழியாக வந்து சேர்ந்ததே என்பது என் கருத்து.

சட்டத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலம் முழுவதும், அதாவது 1977 இறுதி வரை, ஒரு படைப்பு வெளியாகும்போது அதன் மீது உரிமையாளர் பெயரோடு பதிப்புரிமை அறிவிப்பு இருந்தாக வேண்டும். அறிவிப்பு இல்லாமல் வெளியான படைப்பு பொதுக் களத்துக்குப் போய்விடும். அதன் பிறகு அதை யார் வேண்டுமானாலும் பிரதியெடுக்கலாம், விற்கலாம், திரையிடலாம். அறிவிப்பு முறையாக இருந்தாலும் முதல் சுற்றுப் பாதுகாப்பு 28 ஆண்டுகளுக்குத்தான். 1964க்கு முன் வெளியான படைப்புகளுக்கு, 28ஆம் ஆண்டில் உரிமையாளரே விண்ணப்பம் போட்டுப் புதுப்பிக்காவிட்டால் உரிமை காலாவதியாகிவிட்டது. பெரிய நிறுவனங்களில் இதைக் கவனிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கையில் இருந்த காசைப் போட்டு ஒரேயொரு பேய்ப்படம் எடுத்தவர்களிடம் அப்படி யாரும் இல்லை.

அறிவிப்பு விடுபட்டால் என்ன நடக்கும் என்பதை 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' அளவுக்குத் தெளிவாகக் காட்டும் படம் வேறில்லை. பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் காசைப் போட்டு, தெரிந்தவர்களிடமும் திரட்டி, ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் எடுத்த படம் அது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சாக்லேட் பாகே போதுமானதாக இருந்தது. எழுந்து வந்த பிணங்கள் கடித்துத் தின்னும் மனித மாமிசமாகத் திரையில் தெரிவது, அதே சாக்லேட் பாகை ஊற்றிய பன்றித் தொடைக் கறி. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை மறுபடி பார்த்தாலும் வயிற்றைப் புரட்டுவது நிற்பதில்லை. வெளிச்சமும் நிழலும் அவ்வளவு நேர்த்தியாக அமைந்திருக்கின்றன.

படத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'நைட் ஆஃப் த ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. அதை ஒத்த பெயரில் 1964இலேயே வேறொரு படம் வந்திருந்ததால், விநியோகத்துக்கு எடுத்துக்கொண்ட வால்டர் ரீட் நிறுவனம் பெயரை மாற்றியது. பழைய பெயர் எழுதிய தலைப்பு அட்டையை எடுத்துவிட்டுப் புதிய அட்டையைச் சேர்த்தார்கள். பதிப்புரிமை அறிவிப்பு இருந்ததோ அந்தப் பழைய அட்டையின் மீது. புதிய அட்டையில் அதை எழுத யாருக்கும் நினைவு வரவில்லை. 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்கின் ஃபுல்டன் திரையரங்கில் படம் வெளியானது; ஒரு வரி விடுபட்டுப்போனதால், எடுத்தவர்களின் கையை விட்டும் போனது. பிற்காலத்தில் தொலைக்காட்சி நிலையங்கள் அதை ஒளிபரப்பின, வீடியோ கேசட் காலம் வந்ததும் எண்ணற்ற சிறு நிறுவனங்கள் நாடா போட்டு விற்றன, இணையம் வந்ததும் எல்லாத் தளங்களிலும் அது ஏறியது. இவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து ரொமேரோவுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் எதுவும் வந்து சேரவில்லை.

இது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே அநியாயம்தான் அந்தப் படத்தை உலகத்துக்குக் கொண்டுசேர்த்தது என்பதும் உண்மை. தள்ளாடி நடக்கும் பிணக்கூட்டம், மனித மாமிசத்தின் மீது அதற்குள்ள பசி, கடிபட்டவரும் பிணமாகி எழுவது, தலையில் அடித்தால்தான் சாகும் என்ற விதி, ஒரு வீட்டுக்குள் அடைபட்டுப் பலகை அறைந்துகொண்டு உள்ளேயே சண்டை போடும் மனிதர்கள் என்று பின்னால் வந்த நூற்றுக்கணக்கான படங்களும் தொடர்களும் கணினி விளையாட்டுகளும் எடுத்துக்கொண்ட சட்டகம் முழுவதும் இந்தப் படத்தில் இருக்கிறது. காசில்லாத மாணவனும் சிற்றூர்த் தொலைக்காட்சி நிலையமும் ஒரே படத்தைத் தடையின்றிப் பார்க்கவும் காட்டவும் முடிந்ததால்தான் அந்தச் சட்டகம் பொதுச் சொத்தாயிற்று. 1999இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. 2016இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இதன் மீட்டெடுத்த பிரதியைத் திரையிட்டது. இணையத்தில் மங்கலும் கோடுமாக ஓடும் பிரதியை மட்டுமே பார்த்தவர்கள், மீட்டெடுத்த பிரதியைப் பார்க்கும்போது இத்தனை கூர்மையான ஒளிப்பதிவா என்று வியப்பார்கள்.

மற்ற சில படங்களின் கதையும் ஏறக்குறைய இதுவே என்பதால் விரைவாகச் சொல்லிவிடலாம். கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் தொழில்துறைப் படங்களும் கல்விப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி, யூட்டா மாநில உப்பேரியின் கரையில் பாழடைந்து நின்ற சால்டேர் என்ற கேளிக்கை மண்டபத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்து எடுத்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) அறிவிப்புக் குறையால் பொதுக் களத்துக்கு வந்தது. 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' புதுப்பிக்கப்படாததால் வந்தது. அது திரையரங்குகளில் ஓடியபோது, குறித்த கட்டத்தில் பார்வையாளர்களின் தலைக்கு மேலே கம்பியில் ஓர் எலும்புக்கூட்டைப் பறக்கவிடுவார்கள். மடிக்கணினியில் பார்ப்பவர்களுக்கு அந்தக் கூடு வராது. அந்த இடத்தில் காட்சி மட்டும் சற்று நேரம் கூடுதலாக நீள்வதுபோல் தோன்றுவதற்குக் காரணம் அதுவே.

'நோஸ்ஃபெராட்டு'வின் கதை வேறு வகை. அது சட்டத்தின் ஓட்டையில் நழுவிய படம் அல்ல, சட்டம் மரண தண்டனை விதித்த படம். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் 1897இல் வெளியானது. அவர் 1912இல் இறந்தார். நாவலின் உரிமை அவர் மனைவி ஃபுளோரன்ஸிடம் இருந்தது. பெர்லினில் புதிதாகத் தொடங்கிய பிரானா என்ற படநிறுவனம் அவரிடம் அனுமதி கேட்காமலே கதையை எடுத்துக்கொண்டு, டிராகுலாவை ஓர்லோக் பிரபு ஆக்கி, ஊர்ப் பெயரையும் பாத்திரப் பெயர்களையும் மாற்றி, எஃப். டபிள்யூ. முர்னாவை இயக்குநராக வைத்துப் படமாக்கியது. 1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்கியல் பூங்காவின் மண்டபத்தில் ஆடம்பர விழாவோடு படம் வெளியானது. கதை டிராகுலாவிலிருந்து எடுக்கப்பட்டது என்று படத்திலேயே குறிப்பிட்டிருந்ததால் மறுக்கவும் வழியில்லை. ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர் வழக்குத் தொடுத்தார், நிறுவனம் திவாலானது, நட்டஈடு வாங்க ஆளில்லாத நிலையில் 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி உத்தரவிட்டது.

அந்த உத்தரவு வருவதற்குள் பிரதிகள் பல நாடுகளுக்குப் போய்விட்டன. தப்பிய துண்டுகளையும் பிரதிகளையும் ஆவணக் காப்பகங்கள் பல பத்தாண்டுகளாக ஒட்டிச் சேர்த்ததன் விளைவுதான் நாம் இன்று காணும் படம். அதன் வழியே வந்து சேர்ந்த ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுவார். வெயிலில் அவருடைய ஆற்றல் குறையுமே தவிர உயிர் போகாது. இரத்தக் காட்டேரி விடியல் வெளிச்சம் பட்டதும் புகையாக மறைந்து அழிவது 'நோஸ்ஃபெராட்டு'வின் இறுதிக் காட்சியில் வந்தது. அழிக்கச் சொன்ன படத்தில் இருந்த அந்த விதியைத்தான், இன்று உலகில் எந்தக் குழந்தையிடம் கேட்டாலும் காட்டேரியைக் கொல்லும் வழியாகச் சொல்லும்.

இந்தப் படத்தை இணையத்தில் பார்க்க நினைப்பவர்கள் எந்தப் பிரதி என்று கவனித்துப் பார்க்க வேண்டும். அக்காலத்துப் படச்சுருளில் இருட்டில் காட்சி பிடிப்பது கடினம் என்பதால், முர்னாவின் குழுவினர் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டுப் பிறகு சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் தெரிந்தால் இரவு, மஞ்சள் தெரிந்தால் பகல் அல்லது விளக்கொளி என்று அன்றைய பார்வையாளர்கள் புரிந்துகொண்டார்கள். இணையத்தில் சுற்றும் மலிவான பிரதிகள் பலவற்றில் சாயம் போய், கறுப்பு வெள்ளை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனால் சவப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓர்லோக் பிரபு நட்ட நடுப் பகலில் ஊருக்குள் நடந்துபோவதுபோல் தெரிகிறது. வெயிலில் சாகப்போகிற பேய் வெயிலிலேயே அலைகிறதே என்று பார்ப்பவர் குழம்புகிறார். சாயத்தோடு மீட்டெடுத்த பிரதியைப் பார்த்தால் படம் வேறொன்றாகிவிடும். ஆனால் பழைய படம் பொதுக் களத்தில் இருந்தாலும், அதற்காகப் புதிதாக எழுதிப் பதிவு செய்த இசைக்கும், மொழிபெயர்த்த வசன அட்டைகளுக்கும் தனி உரிமை இருக்கக்கூடும். அத்துடன் உரிமைக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பாவில் படைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் திரைப்படம் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். வீட்டில் பார்ப்பவர்களுக்கு இதனால் சிக்கல் இல்லை. வெட்டி ஒட்டித் தங்கள் காணொளியில் சேர்ப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமை தீர்ந்துவிட்டால் மட்டும் படம் கிடைத்துவிடாது. யாராவது சுருளைப் பாதுகாத்திருக்க வேண்டும். எடிசன் நிறுவனம் 1910இல் எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' சுமார் 13 நிமிடப் படம். அதில் கொப்பரைக்குள் அசுரன் உருவாகும் காட்சியை, ஒரு பொம்மையைத் தீயில் எரித்துப் படம்பிடித்து, அதைப் பின்னோக்கி ஓட்டி எடுத்திருக்கிறார்கள். சாம்பலிலிருந்து சதை திரண்டு எலும்பைப் போர்த்திக்கொண்டு எழுவது இன்றைக்கும் உடலைக் கூச வைக்கிறது. தொலைந்துபோனதாகவே நெடுங்காலம் கருதப்பட்ட அந்தப் படத்தின் பிரதி, விஸ்கான்சின் மாநிலத்துச் சேகரிப்பாளர் ஒருவரிடம் இருந்தது. அவருடைய சேகரிப்பை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கி, சீர்செய்து, 2018இல் தன் தளத்தில் எல்லோருக்கும் வைத்தது. பிரான்ஸின் ஜார்ஜ் மெலியே 1896இல் எடுத்த மூன்று நிமிடப் படமான 'ல மனுவார் து தியாப்ல்', பேய்ப்படங்களுக்கெல்லாம் மூத்தது என்று பலரும் கருதுவது, நியூசிலாந்தில் 1988இல் அகப்பட்டது. இணையப் பாதுகாப்பகமும் சுருள் பெட்டியைப்போல நொடிந்துபோகக்கூடியதே. 1996இல் ப்ரூஸ்டர் காலே சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது 2024 அக்டோபரில், ஹாலோவீனுக்குச் சில வாரங்கள் முன்பு, இணையத் தாக்குதல் நடந்தது, சுமார் 3.1 கோடிப் பயனர் கணக்குகளின் தகவல் கசிந்தது, தளம் பல நாள் முடங்கிக் கிடந்தது. இலவசமாகக் கிடைப்பதை என்றும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால், அந்தத் தளத்துக்கு நன்கொடை அளிப்பதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

காசு கேட்காதவை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் 2016 ஹாலோவீனுக்காக வெளியிட்ட, மந்திரக்கோல் பிடித்த கறுப்புப் பூனை பேய்களை விரட்டும் சிறு விளையாட்டு இன்றும் அதன் பழைய டூடுல் (முகப்புச் சித்திரம்) தொகுப்பில் ஆடக் கிடைக்கிறது. திரையில் தோன்றும் குறியைச் சுட்டியால் வரைந்தால் பேய் மறையும். சிறு குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஹாலோவீன் பொழுதுபோக்கு இணையத்தில் அரிது. ஆனாலும் அது கூகுளின் சொத்து. அதை எடுத்து வேறு கதை செய்ய நமக்கு உரிமையில்லை.

இணையத்திலேயே பிறந்த பேய்களில்தான் இந்த வேறுபாடு முழு அளவில் வேலை செய்கிறது. 2007இல் 4சான் என்ற இணைய விவாதப் பலகையில் பெயர் சொல்லாத ஒருவர், கண் இமைத்தால் நகர்ந்து வந்து கழுத்தை முறிக்கும் ஒரு சிற்பத்தைப் பற்றி, இரகசிய அமைப்பு ஒன்றின் அலுவலகக் குறிப்பு நடையில் எழுதினார். எஸ்சிபி-173 என்ற அந்தக் குறிப்பிலிருந்து வளர்ந்ததுதான் எஸ்சிபி ஃபவுண்டேஷன் என்ற பெருந்தொகுப்பு. ஆயிரக்கணக்கான குறிப்புகளைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் எழுதுபவர்கள் தங்கள் எழுத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் விடுகிறார்கள்: மூல ஆசிரியரைக் குறிப்பிட்டு, செய்வதையும் அதே உரிமத்தில் திறந்துவிட்டால், யாரும் அதை வைத்துக் கதை எழுதலாம், விளையாட்டு செய்யலாம், விற்கவும் செய்யலாம். ரொமேரோவின் படத்துக்குத் தவறுதலாக நேர்ந்ததை இவர்கள் தெரிந்தே தேர்ந்துகொண்டார்கள். அதனால்தான் 2012இல் வந்த, இருண்ட கூடத்தில் இமைக்காமல் நடக்க வேண்டிய 'எஸ்சிபி: கன்டெயின்மென்ட் ப்ரீச்' என்ற புகழ்பெற்ற இலவசக் கணினி விளையாட்டு யாரிடமும் கையெழுத்து வாங்காமல் உருவாக முடிந்தது.

திறந்த உரிமமும் கவலையில்லாதது அல்ல. எஸ்சிபி-173 குறிப்போடு முதலிலிருந்தே இருந்த புகைப்படம், ஜப்பானியக் கலைஞர் இசுமி காட்டோ 2004இல் செய்த சிற்பத்தின் படம். குறிப்பை எழுதியவர் அதை அனுமதியின்றி எடுத்துப் போட்டிருந்தார். தன் சிற்பம் இப்படிப் பயன்படுவதை மனமுவந்து ஏற்காவிட்டாலும், வணிக நோக்கில்லாத பயன்பாட்டைக் காட்டோ பொறுத்துக்கொண்டார். வணிகத்தையும் அனுமதிக்கும் உரிமத்தோடு அந்தப் படம் ஒத்துவராது என்பதாலும், கலைஞருக்கு மதிப்பளித்தும், 2022 பிப்ரவரியில் அது நீக்கப்பட்டது. தொகுப்பிலேயே அதிகம் அறியப்பட்ட குறிப்பு இப்போது படமில்லாமல் நிற்கிறது. வேறொரு முனையில், ரஷ்யாவில் ஒருவர் எஸ்சிபி பெயரையும் சின்னத்தையும் தன் வர்த்தக முத்திரையாகப் பதிந்துகொண்டு மற்றவர்களைத் தடுக்க முனைந்தபோது, ஆர்வலர்கள் நிதி திரட்டி வழக்காட வேண்டியிருந்தது. யாருக்கும் சொந்தமில்லாததைச் சொந்தமாக்கிக்கொள்ள யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

மெலிந்து நீண்ட, முகமில்லாத ஸ்லெண்டர்மேன் இதற்கு நேர்மாறு. 2009 ஜூனில் புகைப்பட ஒட்டுவேலைப் போட்டி ஒன்றுக்காக எரிக் நட்சன் செய்த இரண்டு படங்களில் பிறந்த அந்த உருவத்தை ஆரம்பத்தில் எல்லோரும் தம் விருப்பப்படி வளர்த்தார்கள். படைப்பாளர் யாரென்று தெரிந்திருந்ததால், வணிகப் படமும் விளையாட்டும் என்று வந்தபோது உரிமை பேச வேண்டியதாயிற்று. 2018இல் சோனி வெளியிட்ட படத்தோடு அந்த அலை ஓய்ந்தது. மஞ்சள் சுவர்களும் ஈரக் கம்பளமும் முடிவில்லா அறைகளுமான 'பேக்ரூம்ஸ்' 2019 மே மாதம் பெயரற்ற ஒருவரின் சில வரிகளிலும் ஒரு புகைப்படத்திலும் தொடங்கியது. அந்தப் படம் 2002இல் விஸ்கான்சினின் ஓஷ்கோஷ் நகரில் ஒரு கடையைப் பழுதுபார்த்தபோது எடுத்தது என்பதை ஆர்வலர்கள் 2024இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள், 2022 ஜனவரியில், 16 வயதுச் சிறுவன் கேன் பார்சன்ஸ் தன் கணினியில் உருவாக்கிய குறும்படம் அந்த அறைகளை உலகறியச் செய்துவிட்டது. அனுமதி கேட்க ஒரு முகவரியே இல்லாத கதை என்பதால்தான் ஒரு பள்ளி மாணவனால் அதைத் துணிந்து கையில் எடுக்க முடிந்தது.

அடுத்த பெரிய மாற்றம் 2027 ஜனவரி 1 அன்று. அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டு நிறைவடைவதால் யுனிவர்சலின் 1931ஆம் ஆண்டு 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆகிய இரண்டு படங்களும் அன்று பொதுக் களத்துக்கு வருகின்றன. மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவல் எப்போதோ எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஆனால் ஹாலோவீன் முகமூடிகளில் நாம் பார்க்கும் தட்டையான உச்சந்தலையும் கனத்த இமைகளும் கழுத்தின் இருபுற உலோக முனைகளும் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் அந்தப் படத்துக்காக உருவாக்கியவை. நாவலில் அவை இல்லை. வர்த்தக முத்திரைகள் தொடரும் என்பதால் முகமூடி வியாபாரிகள் கவனமாக இருக்க வேண்டியிருக்கும், 1935இல் வந்த அடுத்த பாகத்தின் உரிமையும் தீர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். முதல் படத்தை முழுமையாக இணையத்தில் ஏற்றவும், அந்த முகத்தை வைத்துப் புதிய கதை சொல்லவும் அன்றிலிருந்து எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.